கிதார் கம்பி டாக்டர்

அமெரிக்காவின் மேற்கில் ஆரிகன் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே உள்ள பெரிய நகரம் போர்ட்லண்டு. அந்த நகரத்து ஆஸ்பத்திரியில் 1964-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு மூதாட்டி படுத்திருந்தார். வயது 82.

அவருடைய பாதத்தில் ஆறாத புண். விரல்கள் கறுத்து, அழுகத் தொடங்கி இருந்தன. இரவு பகல் ஓயாத வலி. காலை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்று டாக்டர்கள் முடிவு செய்து விட்டார்கள்.

மூதாட்டி மறுத்து விட்டார். எவ்வளவு சொல்லியும் அவர் இசையவில்லை.

ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள் கையை விரித்த பிறகு, எக்ஸ்ரே பிரிவின் தலைவரிடம் அந்த மூதாட்டியை அனுப்பினார்கள். எக்ஸ்ரே டாக்டர் என்றால் படம் எடுப்பார். படத்தைப் பார்த்து நோய் இன்னது என்று சொல்வார். அவ்வளவுதான் அந்தக் காலத்து வழக்கம். வைத்தியம் செய்வது அவர் வேலை அல்ல.

ஆனால் அந்த எக்ஸ்ரே டாக்டர் வைத்தியமும் செய்தார்!

அவர் பெயர் சார்லஸ் டாட்டர். பெயர் டாட்டர், தொழில் டாக்டர்!

அடைப்பு நீங்கியது

மூதாட்டியின் தொடையில் ஓடும் பெரிய ரத்தக் குழாய் ஓர் இடத்தில் மிகவும் சுருங்கி இருப்பது எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது. கொஞ்ச தூரம்தான் அந்த அடைப்பு. அதற்கு மேலேயும் கீழேயும் குழாய் நன்றாக இருந்தது. வாய்க்காலில் ஓர் இடத்தில் மண் சரிந்தால் கடைமடை காய்ந்து போகிறது அல்லவா? அதுபோல, பாதத்துக்கு ரத்தம் போகாமல் விரல்கள் செத்துக் கொண்டிருந்தன.

ஜனவரி 16-ந் தேதி டாட்டர் வேலையைத் தொடங்கினார். மயக்க மருந்து கொடுத்துக் காலைக் கிழிக்கவில்லை. தொடை இடுக்கில் ஊசியால் ஒரு சிறு துளை மட்டும் போட்டார். அதன் வழியாக ரத்தக் குழாய்க்குள் மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தினார். எக்ஸ்ரே திரையில் பார்த்துக் கொண்டே, அடைப்பின் நடுவே கம்பியை மெதுவாக நுழைத்தார். கம்பி மறுபுறம் போய் விட்டது.

பிறகு அந்தக் கம்பியின் மேல் ஒரு மெல்லிய குழாயைக் கோத்துத் தள்ளினார். அதற்கு மேல் சற்றுப் பருமனான இன்னொரு குழாய். இரண்டும் டெஃப்லான் என்ற வழுவழுப்பான பொருளால் ஆனவை. ஒட்டாத தோசைக் கல்லில் பூசுகிறார்களே, அதே டெஃப்லான்தான். பருமனான குழாய் உள்ளே போனபோது அடைப்பு விலகி வழி விரிந்தது. குழாய்களை உருவி எடுத்தார். வேலை முடிந்தது.

சில்லென்று கிடந்த பாதம் வெதுவெதுப்பானது. சில நாட்களில் வலி போயிற்று. புண் ஆறியது. மூதாட்டி எழுந்து நடந்தார். அதற்குப் பிறகு இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தார். கடைசி வரையில் தன் இரண்டு கால்களாலேயே நடந்தார்.

சர்க்கரை நோய் முற்றி, காலில் ரத்த ஓட்டம் குறைந்து, விரலையோ பாதத்தையோ இழந்தவர்களை நம் ஊர்களிலும் பல குடும்பங்கள் கண்டிருக்கின்றன. திருவள்ளூர் வைத்திய வீரராகவர் கோவில் குளத்தில் நோய் தீர வேண்டிக்கொண்டு வெல்லம் கரைக்கும் வழக்கம் உண்டு. ஆறாத புண்ணின் வேதனை அப்படி வேண்டிக் கொள்கிறவர்களுக்குத் தெரியும். டாட்டர் அன்று செய்த காரியத்தின் மதிப்பும் அவர்களுக்குத்தான் நன்றாக விளங்கும்.

கழற்றிப் பார்க்கும் பையன்

டாட்டர் 1920-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். வளர்ந்தது நியூயார்க்குக்கு அருகே. சின்ன வயதிலேயே எந்த இயந்திரத்தைக் கண்டாலும் கழற்றிப் பார்க்க வேண்டும். அது எப்படி ஓடுகிறது என்று தெரியும் வரையில் தூக்கம் வராது. கழற்றியதை மறுபடி மாட்டவும் தெரிந்த பையன். படிப்பிலும் கெட்டிக்காரர். வகுப்புகளைத் தாண்டித் தாண்டி மேலே போனார்.

டியூக் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பிறகு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படித்து 1944-ல் டாக்டரானார். நியூயார்க் ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்த பமீலாவை மணந்தார். மூன்று குழந்தைகள்.

எக்ஸ்ரே துறையை அவர் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. ஆஸ்பத்திரியில் இயந்திரங்கள் நிறைந்த இடம் அதுதானே! துடிக்கும் இதயத்தை ஒரே ஒரு படத்தில் பிடிப்பது கடினம். ஆகவே ஒரு விநாடிக்கு இரண்டு படங்கள் வீதம் தானாகவே எடுக்கும் கருவி ஒன்றை அவரே அமைத்தார்.

1952-ம் ஆண்டு ஆரிகன் மருத்துவக் கல்லூரியின் எக்ஸ்ரே பிரிவுக்குத் தலைவரானார். அப்போது அவருக்கு வயது 32. அமெரிக்காவின் பெரிய மருத்துவக் கல்லூரிகளில் அவ்வளவு இளம் வயதில் யாரும் அந்தப் பதவிக்கு வந்ததில்லை. அந்த நாற்காலியில் 33 ஆண்டுகள், தன் கடைசி நாள் வரையில், இருந்தார்.

தற்செயலாகத் திறந்த வழி

1963-ம் ஆண்டு ஒரு நாள், நோயாளி ஒருவருக்குப் படம் எடுப்பதற்காக டாட்டர் ரத்தக் குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தினார். இதற்குக் கதீட்டர் என்று பெயர். அந்த நோயாளியின் இடுப்பருகே ஒரு ரத்தக் குழாய் அடைத்திருந்தது. கதீட்டர் அந்த அடைப்பைத் துளைத்துக் கொண்டு போய் விட்டது. வழி திறந்து கொண்டது!

வேறொருவராக இருந்தால், நல்ல வேளை, விபரீதம் எதுவும் நடக்கவில்லை என்று பெருமூச்சு விட்டிருப்பார். டாட்டர் அப்படி விடவில்லை. தற்செயலாக நடந்ததை வேண்டுமென்றே செய்தால் என்ன என்று யோசித்தார். அந்த ஆண்டு ஜூன் மாதம் செக்கோஸ்லோவாகியாவில் நடந்த மாநாட்டில் இதை எடுத்துச் சொன்னார். கதீட்டர் இனிப் படம் எடுக்கும் கருவியாக மட்டும் இருக்காது, ஆபரேஷன் கத்திக்குப் பதிலாகவும் வரும் என்பது அவர் பேச்சின் சாரம். ஏழு மாதங்களில் செய்தும் காட்டி விட்டார். அதுதான் மூதாட்டியின் கால்.

கம்பியும் நெருப்பும்

இந்த வேலைக்கு வேண்டிய கருவிகள் அன்று கடையில் கிடைக்கவில்லை. டாட்டர் தானே செய்து கொண்டார். கிதார் வாத்தியத்தின் கம்பி, காரில் வேகம் காட்டும் முள்ளைச் சுழற்றும் உருக்குக் கம்பி, மின்சார ஒயரின் மேலுறை - கண்ணில் பட்டதெல்லாம் அவருக்குக் கருவிதான்.

1963-ம் ஆண்டுக் கடைசியில் சிகாகோ நகரில் எக்ஸ்ரே டாக்டர்களின் பெரிய மாநாடு நடந்தது. பில் குக் என்ற இளைஞர் அங்கே ஒரு சிறு கடை போட்டிருந்தார். அந்த ஆண்டுதான் தன் வீட்டின் ஓர் அறையில் கதீட்டர் செய்யும் தொழிலை அவர் தொடங்கி இருந்தார். டெஃப்லான் குழாயை நெருப்பில் காட்டி, இழுத்துக் கூராக்கிக் கதீட்டர் செய்வது எப்படி என்று வருகிறவர்களுக்குக் காட்டிக் கொண்டிருந்தார்.

வழுக்கைத் தலையர் ஒருவர் அங்கே வந்து நின்றார். நெடுநேரம் பேசாமல் பார்த்துக் கொண்டே இருந்தார். குக்குக்கு உள்ளூரப் பயம். கடைசியில் அந்த மனிதர், நெருப்பு ஊதும் விளக்கையும் கொஞ்சம் குழாயையும் ஓர் இரவுக்கு இரவல் கேட்டார். மறுநாள் காலை அச்சில் வார்த்தது போன்ற பத்து கதீட்டர்களுடன் வந்து நின்றார். அவர்தான் டாட்டர். ஓட்டல் அறையில் இரவு முழுவதும் உட்கார்ந்து செய்திருக்கிறார்! குக் அந்தப் பத்தையும் தலைக்குப் பத்து டாலர் என்று அன்றே விற்று விட்டார். குக்கின் கம்பெனி பிற்காலத்தில் உலகம் முழுவதும் மருத்துவக் கருவிகள் விற்கும் பெரிய நிறுவனம் ஆயிற்று.

பித்துக்குளி என்ற பெயர்

நல்ல காரியம் செய்தவரை எல்லோரும் கொண்டாடி இருப்பார்கள் என்று நினைக்கலாம். நடந்தது வேறு.

ஆபரேஷன் டாக்டர்களுக்குக் கோபம் வந்தது. எக்ஸ்ரே எடுக்கிறவருக்கு ரத்தக் குழாயில் என்ன வேலை என்பது அவர்கள் கட்சி. ஓர் ஆபரேஷன் டாக்டர் நோயாளியை அனுப்பும்போது, படம் மட்டும் எடுக்க வேண்டும், சரி செய்ய முயலக் கூடாது என்று சீட்டிலேயே பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினார்!

டாட்டரின் போக்கும் அப்படித்தான் இருந்தது. தண்ணீர்க் குழாய் ரிப்பேர் செய்கிறவரைப் போன்றதுதான் தன் வேலை என்பார். குழாயும் ஸ்பானரும் குறுக்காக இருப்பது போலப் படம் வரைந்து, அதையே தன் சின்னமாக வைத்துக் கொண்டார். 1964-ல் ஒரு பெரிய பத்திரிகை அவர் வேலை செய்யும் காட்சிகளைப் படம் பிடித்து வெளியிட்டது. படங்களில் அவர் கண்ணை உருட்டிக் கொண்டு வெறி பிடித்தவர் போல் காணப்பட்டார். பித்துக்குளி சார்லி என்ற பட்டப் பெயர் நிலைத்து விட்டது.

ஒரு சமயம் மேடையில் பேசிக் கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த கருவியின் திரையில், யாருடைய இதயத்திலோ உள்ள அழுத்தம் அலை அலையாக ஓடிக் கொண்டிருந்தது. பேச்சின் நடுவே டாட்டர் சட்டைக் கையைச் சுருட்டினார். கூட்டம் திகைத்தது. கையின் ரத்தக் குழாய் வழியாகக் கதீட்டரைத் தன் இதயத்துக்கே செலுத்திக் கொண்டு வந்திருந்தார்! இது ஆபத்தில்லாத காரியம் என்பதை வேறு எப்படிச் சொன்னாலும் அவர்கள் நம்பி இருக்க மாட்டார்கள்.

சொந்த நாட்டில் மதிப்பு இல்லை. ஐரோப்பாவில் இருந்தது. அங்குள்ள டாக்டர்கள் அவருடைய முறையைக் கற்று, அதற்கு அவர் பெயரையே வைத்து டாட்டரிங் என்று அழைத்தார்கள்.

அப்படிக் கற்றவர்களில் ஒருவர் ஆந்திரியாஸ் குருன்ட்சிக். சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் வேலை பார்த்தவர். அவர் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் பசையும் பிளாஸ்டிக்குமாக உட்கார்ந்து, கதீட்டரின் நுனியில் ஒரு சிறு பலூனைப் பொருத்தினார். அடைப்புக்குள் போனதும் பலூனை ஊதினால் வழி விரியும். 1977-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி இதயத்தின் ரத்தக் குழாயிலேயே அதைச் செய்து காட்டினார். ஆஞ்சியோபிளாஸ்டி என்று இன்று நம் கிராமங்களிலும் சொல்கிறார்களே, அது அப்படிப் பிறந்ததுதான்.

மறுபடியும் மூடிக்கொண்டால்?

ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. விரித்த வழி சிலருக்கு மறுபடியும் சுருங்கி விடும்.

கிணறு வெட்டுகிறவர்கள் மண் சரியாமல் இருக்க உறை இறக்குகிறார்கள். ரத்தக் குழாய்க்கும் அப்படி ஓர் உறை இறக்கினால் என்ன? டாட்டருக்கு இந்த எண்ணம் 1960-களிலேயே இருந்தது. முதலில் நாய்களின் கால் ரத்தக் குழாயில் பிளாஸ்டிக் குழாய்களை வைத்துப் பார்த்தார். ஒரு நாளிலேயே ரத்தம் உறைந்து அடைத்துக் கொண்டது. பிறகு துருப் பிடிக்காத எஃகுக் கம்பியை ஸ்பிரிங் போலச் சுருட்டி வைத்தார். அவற்றில் இரண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அடைபடாமல் இருந்தன! 1969-ல் இதை எழுதி வெளியிட்டார்.

ஆனால் அந்த ஸ்பிரிங்கை உள்ளே கொண்டு போவது எப்படி? ரத்தக் குழாயைத் தாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் பருமனாக இருக்க வேண்டும். ஊசித் துளை வழியாகப் போக வேண்டுமானால் மெலிதாக இருக்க வேண்டும். வாசல் வழியே நுழையாத கட்டிலை வீட்டுக்குள் போடச் சொன்ன கதைதான். வாசலில் நுழையும்போது கம்பு போல இருந்து, உள்ளே போனதும் தானே கட்டிலாக மாறும் பொருள் ஒன்று வேண்டும்.

அப்படி ஒரு உலோகம் இருந்தது. அதைக் கண்டு பிடித்தவர்கள் டாக்டர்கள் அல்ல. கடற்படைக்காரர்கள்!

மணி போல ஒலித்த கட்டி

அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆராய்ச்சிச் சாலை ஒன்று மேரிலாண்டு மாநிலத்தில் இருந்தது. அங்கே வில்லியம் பியூலர் என்ற நிபுணர் ஏவுகணையின் மூக்குக்கு ஏற்ற உலோகம் தேடிக் கொண்டிருந்தார். நிக்கலையும் டைட்டானியத்தையும் ஏறக்குறையச் சரிபாதியாகச் சேர்த்து உருக்கினார்.

1959-ம் ஆண்டு ஒரு நாள், ஆறிப் போன ஒரு கட்டியைத் தரையில் போட்டார். ஈயம் விழுந்தது போல மொத்தென்று சத்தம். சூடு ஆறாத இன்னொரு கட்டியைப் போட்டார். கணீர் என்று கோவில் மணி போல ஒலித்தது! அந்தச் சூடான கட்டியைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக் குளிர வைத்தார். அதுவும் மொத்தென்று விழுந்தது. கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தார். மறுபடி கணீர்! சூட்டுக்கும் குளிருக்கும் ஏற்ப அந்த உலோகத்தின் உள்ளமைப்பே மாறுகிறது என்று பியூலர் கண்டு கொண்டார்.

1961-ல் அதிகாரிகள் கூட்டம் ஒன்று நடந்தது. இந்த உலோகத் தகடு ஒன்றை விசிறி போல மடித்து, வளைத்துப் பார்க்கும்படி கைக்குக் கை கொடுத்தார்கள். அதிகாரிகளில் ஒருவர் சுங்கான் பிடிப்பவர். சும்மா இருக்க மாட்டாமல், சிகரெட் பற்ற வைக்கும் லைட்டரைத் தகட்டின் அடியில் பிடித்தார். சுருங்கிக் கிடந்த தகடு விறுக்கென்று நிமிர்ந்து நேராகி விட்டது! கூட்டமே வாயடைத்துப் போயிற்று.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பாலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த வியப்பு நன்றாகப் புரியும். செக்கச் சிவந்த இரும்பு உருளைகளுக்கு நடுவே ஓடிக் கம்பியாகிறது. ஆறிய கம்பியை வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும். மறுபடி சூடாக்கினால் இளகுமே தவிர, பழைய வடிவம் அதற்கு நினைவுக்கு வராது. இரும்புக்கு மறதி அதிகம்.

இந்தப் புதிய உலோகம் மறக்காது. சுமார் 500 டிகிரி சூட்டில் ஒரு வடிவத்தில் பிடித்து வைத்தால் அதை நினைவில் வைத்துக் கொள்ளும். குளிர்ந்த பிறகு வளைத்தாலும் நீட்டினாலும் பணிந்து போகும். மறுபடி இளஞ்சூடு பட்டதும், பழைய வடிவத்துக்குத் திரும்பி விடும். காரணம் மாயமல்ல. உள்ளே அணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. குளிர்ந்தபோது அடுக்கு சாய்கிறது; ஆனால் அணுக்கள் அக்கம்பக்கத்தாரை விட்டுப் பிரிவதில்லை. சூடு பட்டதும் எல்லாம் நிமிர்ந்து பழைய இடத்தில் நிற்கின்றன.

நிக்கல், டைட்டானியம் என்ற பெயர்களையும், அந்த ஆராய்ச்சிச் சாலையின் ஆங்கிலப் பெயரில் உள்ள முதல் எழுத்துக்களையும் சேர்த்து நிட்டினால் என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். நமக்கும் இதில் கொஞ்சம் உறவு உண்டு. டைட்டானியம் கிடைக்கும் இல்மனைட் என்ற கனிமம், கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிறது.

பழைய வடிவை நினைத்த கம்பி

டாட்டருக்கு இதைவிடப் பொருத்தமான உலோகம் கிடைக்குமா?

நிட்டினால் கம்பியைச் சூட்டில் சுருளாக்கி, அந்த வடிவத்தை அதற்குப் பழக்கினார். குளிர்ந்ததும் அதை மெலிதாக்கினார். மெலிந்த கம்பி கதீட்டர் வழியாகச் சுலபமாகப் போயிற்று. நாயின் ரத்தக் குழாயில் வேண்டிய இடம் வந்ததும், கதீட்டரின் வழியே சூடான உப்பு நீரைச் செலுத்தினார். கம்பி தன் பழைய வடிவத்தை நினைத்துக் கொண்டது. அந்த வடிவத்துக்குத் திரும்பி, ரத்தக் குழாயின் சுவரைத் தாங்கி நின்றது!

1983-ம் ஆண்டு டாட்டரும் அவருடைய தோழர்களும் இதை வெளியிட்டார்கள். விந்தை என்னவென்றால், மினசோட்டாவில் இருந்த வேறொரு டாக்டர் கூட்டமும் நிட்டினால் சுருளை வைத்து இதே போன்ற சோதனை செய்து, அதே இதழிலேயே எழுதி இருந்தது.

மலையும் நோயும்

இந்தச் சோதனைகளைச் செய்தபோது டாட்டர் ஆரோக்கியமான மனிதர் அல்ல. அதற்கு முன்பே அவருக்கு ஹாட்ஜ்கின் நோய் வந்திருந்தது. நிணநீர்ச் சுரப்பிகளைப் பற்றும் புற்றுநோய் அது. கதிர்வீச்சால் சிகிச்சை செய்தார்கள். பிறகு இதயமும் கெட்டது. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. ஊர் உலகத்தின் ரத்தக் குழாய்களைக் கத்தி படாமல் திறக்க வழி சொன்னவருக்கே இந்தக் கதி!

அவர் ஓய்ந்து உட்காரவில்லை. மலை ஏறுவதில் அவருக்குத் தீராத மோகம். ஆல்ப்ஸ் மலையில் மாட்டர்ஹார்ன் என்று ஒரு செங்குத்தான சிகரம் இருக்கிறது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற அந்த உடம்போடு அதன் உச்சிக்குப் போய் வந்தார். அமெரிக்காவில் 14 ஆயிரம் அடிக்கு மேல் உயர்ந்த பல சிகரங்களிலும் அவர் ஏறினார்.

1978-ல் நோபல் பரிசுக்கு அவர் பெயரைச் சொன்னார்கள். பரிசு வரவில்லை.

1985-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி டாட்டர் காலமானார். வயது 64. நிட்டினால் சுருளை ஒரு மனிதரின் உடலில் வைத்துப் பார்க்க அவருக்கு ஆயுள் போதவில்லை. பலூன் செய்த குருன்ட்சிக்கும் அதே ஆண்டு அக்டோபரில் விமான விபத்தில் இறந்தார். மறு ஆண்டு, 1986-ல், பிரான்ஸ் நாட்டில் மனித இதயத்தின் ரத்தக் குழாயில் முதன்முதலாக ஒரு தாங்கு வலை வைக்கப்பட்டது. இதற்கு ஸ்டென்ட் என்று பெயர்.

பல்லிலும் மூக்கிலும்

அந்த முதல் ஸ்டென்ட் நிட்டினால் அல்ல. இன்று இதயத்தில் வைப்பவையும் பெரும்பாலும் வேறு உலோகங்களால் ஆனவை, பலூனால் விரிக்கப்படுபவை. ஆனால் கால் ரத்தக் குழாய்க்கு நிட்டினால்தான் மிகவும் ஏற்றதாக இருக்கிறது. கால் மடங்குகிறது, நிமிர்கிறது. உட்கார்ந்து எழுந்தால் உள்ளே இருக்கும் வலையும் நசுங்கும். எஃகு நசுங்கினால் நசுங்கியதுதான். நிட்டினால் ரப்பர் போலத் திரும்பி விடும். கழுத்து ரத்தக் குழாய்க்கும் இதையே வைக்கிறார்கள்.

சூடான உப்பு நீரும் இப்போது தேவையில்லை. நம் உடம்பின் 37 டிகிரிச் சூடே போதும். ஸ்டென்டைச் சுருக்கி ஓர் உறைக்குள் வைத்து அனுப்புகிறார்கள். உறையை உருவியதும் அது தானே விரிந்து கொள்கிறது. குழந்தைகளின் இதயத்தில் சில வகை ஓட்டைகளை அடைப்பதற்கும் நிட்டினால் கம்பியால் பின்னிய ஒரு சிறு வலை இருக்கிறது. ஓட்டையின் இந்தப் பக்கம் ஒரு குடை, அந்தப் பக்கம் ஒரு குடை விரிவது போல அது விரிந்து அடைத்துக் கொள்ளும். குழந்தையின் நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை.

பல் வரிசையைச் சீராக்கக் கம்பி கட்டிக் கொண்ட பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அந்தக் கம்பியில் பல, நிட்டினால்தான். தன் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்த்து, பல்லை மெதுவாக, விடாமல் இழுக்கிறது. தூக்கத்தில் மேலே புரண்டாலும் உடையாத மூக்குக் கண்ணாடிச் சட்டமும் இதில் செய்கிறார்கள். ஏரியல் நீட்டிய பழைய கைப்பேசிகள் சிலவற்றில் அந்த ஏரியலும் இதுதான்.

செய்வது மட்டும் சுலபமல்ல. காற்றுப் பட்டால் டைட்டானியம் கெடும். ஆகையால் காற்றில்லாத உலையில் உருக்க வேண்டும். நிக்கல் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினாலோ குறைந்தாலோ, உலோகம் விழித்துக் கொள்ளும் சூடு சுமார் 10 டிகிரி மாறி விடும்! உடம்பின் சூட்டில் விரிய வேண்டியது காய்ச்சல் வந்தாலும் விரியாமல் கிடந்தால் என்ன ஆவது? உருக்கியதை மெல்லிய குழாயாக இழுக்க வேண்டும். அதில் லேசர் ஒளியால் வலைக் கண்களை வெட்ட வேண்டும். வலையின் இழை மிகவும் மெல்லியது. பிறகு விரித்துப் பிடித்து, 500 டிகிரியில் சில நிமிஷம் வைத்து, சட்டென்று குளிர வைக்க வேண்டும். கடைசியாகப் பளபளப்பாக மெருகு ஏற்ற வேண்டும். மெருகு சரியில்லாவிட்டால் ரத்தம் ஒட்டும், நிக்கல் கசியும்.

நம் நாட்டிலும் ஸ்டென்ட் முயற்சி பழையதே. 1990-களில் அப்துல் கலாமும், ஐதராபாத் இதய நிபுணர் சோம ராஜுவும் சேர்ந்து, குறைந்த விலையில் எஃகு ஸ்டென்ட் செய்ய வழி கண்டார்கள். அப்போதும் பிறகும் வெளிநாட்டு ஸ்டென்டின் விலை ஏழைகளை மிரட்டிக் கொண்டுதான் இருந்தது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு இதய ஸ்டென்டுகளுக்கு உச்ச விலை கட்டியது. மருந்து பூசாதது 7,260 ரூபாய். மருந்து பூசியது 29,600 ரூபாய் என்று அப்போது நிர்ணயித்தார்கள். தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் ஆஞ்சியோபிளாஸ்டி சேர்ந்திருக்கிறது.

போர்ட்லண்டு மருத்துவக் கல்லூரியில் 1990-ம் ஆண்டு டாட்டரின் பெயரால் ஒரு சிகிச்சை நிலையம் ஏற்பட்டது. கத்தி இல்லாமல், கம்பியும் குழாயும் கொண்டு செய்யும் வைத்தியம் மட்டுமே அங்கு நடக்கிறது.

கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் மின்சார ரயிலில் வருகிறவர்கள் சென்னை சென்ட்ரலில் இறங்கினால், எதிரே அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. அங்கேயும் தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ ஊசித் துளை போட்டு, முதலில் மெல்லிய கம்பியைத்தான் அனுப்புகிறார்கள். அதன் மேல் குழாயைக் கோத்துத் தள்ளுகிறார்கள். வேலை முடிந்து, சில நாட்களில் தன் காலாலேயே நடந்து போய் ரயில் ஏறுகிறவர்களும் உண்டு.